செய்தித்தாள் வளர்த்த செம்மல்

செங்கற்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே அமைந்துள்ளது கல்பாக்கம். அதன் அருகே சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் முதலிய ஊர்கள் உள்ளன. 2004-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் காலையில், அக்கரையில் வாழ்ந்த மக்கள் வழக்கம்போல் தத்தம் தொழிலில் ஈடுபட்டிருந்தனர். அன்று விடியற்காலையில் சுமத்திரா தீவினருகே கடலின் அடித்தளம் பெயர்ந்திருந்தது. அங்கிருந்து எழுந்த பேரலை நம் கரையை வந்தடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. எனினும் அலை வருகின்றது என்னும் செய்தி மட்டும் அவர்களை எட்டவில்லை. அதனால் பல உயிர்கள் மாண்டன. பின்னர் 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. உரிய செய்தி உரிய காலத்தில் உரியவரைச் சென்று சேர்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை அந்நாள் நமக்கு உணர்த்திற்று.

கடல் சீறும் நாளில் மட்டுமன்று, எந்நாளிலும் மக்கள் வாழ்வுக்குச் செய்தி வேண்டும். நாட்டை ஆள்வோர் என்ன செய்கின்றனர் என்பதை மக்கள் அறிதல் வேண்டும். மக்கள் என்ன துன்பம் உறுகின்றனர் என்பதை ஆள்வோர் அறிதல் வேண்டும். இவ்விரண்டும் நிகழாத நாட்டில் நல்லாட்சி நிலைபெறாது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நம் நாட்டில் அத்தகைய செய்திப் பஞ்சம் நிலவியது. அதனைப் போக்குவதற்குத் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அவரே ஜி. சுப்பிரமணிய ஐயர்.

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் திருவையாறு என்னும் திருத்தலத்தில், 1855-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19-ஆம் நாள் சுப்பிரமணிய ஐயர் பிறந்தார். அவருடைய தந்தையார் கணபதி தீட்சிதர் வழக்கறிஞர் தொழில் புரிந்தவர். சுப்பிரமணியர் தஞ்சையில் கல்வி பயின்றபின் சென்னைக்குச் சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார். பயிற்சி முடிந்ததும் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றத் தொடங்கினார். பகலில் மாணவர்க்குப் பாடம் கற்பித்து, எஞ்சிய நேரத்தில் தாமே படித்து, 1877-இல் பி.ஏ. பட்டமும் பெற்றார். பச்சையப்பன் கல்விநிலையத்தில் அவர் பணியாற்றிய காலத்தில், உடன் ஆசிரியராக இருந்தவர் எம். வீரராகவாசாரியார். இவர் செங்கற்பட்டைச் சேர்ந்தவர். காவிரிக்கரையினரும் பாலாற்றுப் பக்கத்தினருமாகிய இவ்விருவரிடையே அங்கு மலர்ந்த நட்பு, பின்னர்த் தமிழகத்தின் பொதுவாழ்வுக்கே பெரும்பயன் விளைத்தது.

அக்காலத்து நிலைமையை ஒருசிறிது நோக்குதல் நலம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் உணவின்றி மாண்டனர். ஆனால் சென்னையில் செல்வாக்குற்று விளங்கிய ஆங்கில நாளிதழ்கள் ஆங்கிலேயரால் நடத்தப்பெற்றவை. அவை அரசாங்கத்தின் குரலையும் ஆங்கில வணிகரின் குரலையும் எதிரொலித்தனவேயன்றி நம் மக்களின் குரலை எதிரொலிக்கவில்லை. இந்நிலையில் இலிட்டன் பிரபு 1878-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தாய்மொழி இதழ்ச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்திய மொழிகளில் வெளிவரும் இதழ்களை அடக்குவதே அச்சட்டத்தின் நோக்கம். ஆங்கில இதழ்களுக்கு அது பொருந்தாது. மக்கள் தம் மொழியில் பேசினால் குற்றம், ஆங்கிலத்தில் பேசினால் குற்றமன்று என்னும் விந்தையான நிலை இதனால் ஏற்பட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் பயனாக, இரிப்பன் பிரபுவின் ஆட்சியில் அச்சட்டம் நீக்கப்பெற்றது.

அதே 1878-ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நேர்ந்தது. இளமையில் வறுமையில் உழன்று, தம் உழைப்பால் உயர்ந்த திருவாரூர் முத்துசுவாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பெற்றார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. நாட்டு மக்கள் இது கேட்டு மகிழ்ந்தனர். ஆயின் ஆங்கிலேயரின் இதழ்கள் இந்நியமனத்தை இகழ்ந்து எழுதின. அவற்றிற்கு மறுமொழி கூற நம்மவரிடம் வலிமையான இதழ் ஒன்று இல்லை. இக்குறையை உணர்ந்த இளைஞர் அறுவர் திருவல்லிக்கேணியில் கூடி, தாமே ஓர் இதழைத் தொடங்குவது என்று துணிந்தனர். சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாசாரியாரும் ஆசிரியர்கள். ஏனைய நால்வரும் சட்டம் பயிலும் மாணவர்கள். அப்போது சுப்பிரமணிய ஐயருக்கு வயது 23.

இளைஞரிடம் ஊக்கம் இருந்தது, பொருள் இல்லை. ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடனாகப் பெற்று, தங்கசாலைத் தெருவிலிருந்த ஓர் அச்சுக்கூடத்தில் எண்பது படிகள் அச்சிட்டனர். இவ்வாறு 1878-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் ‘இந்து’ என்னும் ஆங்கில வார இதழ் பிறந்தது. சிறிது காலத்தில் சட்ட மாணவர் நால்வரும் தத்தம் தொழிலை நாடிப் பிரிந்தனர். சுப்பிரமணிய ஐயர் ஆசிரியப் பொறுப்பையும், வீரராகவாசாரியார் நிருவாகப் பொறுப்பையும் ஏற்று இதழைக் காத்தனர். ஒருவர் எழுதுகோலைத் தாங்கினார். மற்றவர் கணக்கேட்டைத் தாங்கினார். 1883-இல் அது வாரம் மும்முறை வெளிவரும் இதழாயிற்று. 1889-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளிதழாக மலர்ந்தது.

இவ்வளர்ச்சிக்குக் காலமும் துணைநின்றது. தந்திக் கம்பிகள் நாடெங்கும் ஓடின. கடலடியில் இட்ட கம்பி இந்தியாவையும் இங்கிலாந்தையும் இணைத்தது. இலண்டனில் நிகழ்வதை அறியக் கப்பலை எதிர்நோக்கிப் பல வாரம் காத்திருந்த நிலை மாறிற்று. இருப்புப்பாதையும் அஞ்சலும் இதழ்களைத் தொலைதூர ஊர்களுக்குக் கொண்டு சென்றன. புதிய கருவிகள் வந்தபோது அவற்றைக் கண்டு அஞ்சாமல், மக்கள் நலத்திற்கு அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் திறம் ஐயரிடம் இருந்தது.

செங்கற்பட்டு உழவர்கள் சிலரைப் பற்றிய வழக்கொன்று 1880-களின் தொடக்கத்தில் மாகாணம் முழுவதும் பேசப்பெற்றது. கிராண்டு டஃப் அப்போது சென்னை ஆளுநராக இருந்தார். அவ்வழக்கில் அரசாங்கம் நடந்துகொண்ட முறையை ‘இந்து’ இதழ் அஞ்சாது கண்டித்தது. அவ்வாறே 1882-இல் சேலத்தில் நேர்ந்த கலகத்தைத் தொடர்ந்து விசயராகவாசாரியார் முதலியோர் தண்டிக்கப்பெற்றபோதும், நீதி வேண்டி அது எழுதியது. பின்னர் மேல்முறையீட்டில் விசயராகவாசாரியார் விடுதலை பெற்றார். ஏரும் கலப்பையுமாக வாழ்ந்த எளிய உழவரின் குறையும் ஆளுநரின் மேசையைச் சென்றடையும் என்பதை மக்கள் அன்று கண்டனர்.

எழுத்தோடு அமைப்பும் வேண்டும் என்பதை ஐயர் உணர்ந்தார். 1884-இல் சென்னை மகாசன சபை தோன்றியபோது அதனை நிறுவியவர்களுள் அவரும் வீரராகவாசாரியாரும் முன்னின்றனர். 1885-ஆம் ஆண்டு திசம்பரில் பம்பாயில் இந்திய தேசியக் காங்கிரசு முதன்முதலாகக் கூடியது. எழுபத்திருவர் பேராளராக அமர்ந்திருந்த அவ்வவையில், முதல் தீர்மானத்தை முன்மொழியும் பேறு சுப்பிரமணிய ஐயருக்கே வாய்த்தது. இந்தியாவின் ஆட்சிமுறையை ஆராய்வதற்கு ஒரு குழு அமைத்தல் வேண்டும் என்பது அத்தீர்மானம்.

இரண்டாண்டு கழித்து, 1887-இல், காங்கிரசு சென்னையில் கூடியது. அம்மாநாட்டின் நோக்கத்தை எளிய மக்களுக்கு விளக்குவது எங்ஙனம் என்னும் வினா எழுந்தது. வீரராகவாசாரியார் அதற்கு ஒரு நல்வழி கண்டார். காங்கிரசு என்பது யாது, அது எதனை வேண்டுகின்றது என்பவற்றை வினாவும் விடையுமாகத் தமிழில் ஒரு சிறு நூலாக எழுதினார். அதன் முப்பதினாயிரம் படிகள் மக்களிடையே வழங்கப்பெற்றன. அதன் பயனும் விரைவிலேயே தெரிந்தது. மாநாட்டுச் செலவுக்காக ஓர் அணா முதல் ஒன்றரை ரூபாய் வரை கொடுத்தவர்கள் ஏறத்தாழ எண்ணாயிரவர். அவர்கள் தந்த தொகை ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய். மக்களுக்குப் புரியும் மொழியில் கூறினால், ஏழையும் தன் ஓரணாவோடு முன்வருவான் என்பது தெளிவாயிற்று.

இவ்வுண்மையைச் சுப்பிரமணிய ஐயர் அதற்கு முன்பே உணர்ந்திருந்தார். ஆங்கில இதழ் ஆள்வோரின் செவியை எட்டும். கற்றார் சிலரின் கையை எட்டும். ஆனால் ஊர்தோறும் வாழும் பெருமக்களை அஃது எட்டுமோ? நாட்டு மக்களுள் மிகப் பலர் அறியாத மொழியில் நாட்டின் நன்மையைப் பேசிக்கொண்டிருத்தல் பாதிப் பணியே ஆகும் என்று அவர் எண்ணினார். அதனால் 1882-ஆம் ஆண்டிலேயே ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். தன் நாட்டின் நண்பன் என்பது அப்பெயரின் பொருள். ஆங்கிலம் கற்றோர் தமிழில் எழுதுவதைத் தாழ்வாகக் கருதிய காலம் அது. ஆட்சி, சட்டம், வரவுசெலவு முதலிய செய்திகளைத் தமிழில் எழுதுதற்குச் சொற்கள் அமையவில்லை. அவற்றைத் தேடியும் ஆக்கியும் எழுத வேண்டியிருந்தது. எனினும் அவர் மனந்தளரவில்லை.

சுப்பிரமணிய ஐயர் பிறர்க்கு அறிவுரை கூறி அதனோடு அமைந்தவரல்லர். இளம்பருவ மணத்தையும், கைம்பெண்களுக்கு இழைக்கப்பெற்ற கொடுமையையும் எதிர்த்து அவர் ஓயாது எழுதினார். இந்நிலையில் அவருடைய மகளே மிக இளம் வயதில் கணவனை இழந்தாள். தம் இல்லத்திலேயே அத்துன்பம் வந்து நின்றபோது அவர் என்ன செய்வார் என்று பலரும் நோக்கினர். 1889-இல் காங்கிரசு மாநாட்டுக்காகப் பம்பாய் சென்ற அவர், அந்நகரிலேயே தம் மகளுக்கு மறுமணம் செய்வித்தார். உறவினர் அவரை விலக்கினர். பழைமையில் ஊறியோர் தூற்றினர். கூட்டத்திற் கைதட்டிய நண்பர் பலர் அவர் இல்லத்து வாயிலை மிதிக்கவும் தயங்கினர். எழுதியதைச் செய்து காட்டுவோருக்கு நேரும் தனிமை அது. அவர் அதனைப் பொறுத்தார்.

சீர்திருத்தத்தில் அவர் காட்டிய இவ்வேகமே பின்னர் நண்பர் இருவரிடையிலும் கருத்து வேற்றுமைக்கு இடமாயிற்று. அரசாங்கத்தைக் கண்டித்தபோது மகிழ்ந்த வாசகர் பலர், தம் வீட்டு வழக்கங்களைக் கண்டித்தபோது முகஞ்சுளித்தனர். இதழ்மீது தொடரப்பெற்ற வழக்குகளால் கடனும் பெருகிற்று. இதழ் நிலைக்க வேண்டுமாயின் வாசகரின் மனத்தை முற்றும் புண்படுத்தலாகாது என்பது ஒரு கருத்து. தவறு எங்கிருப்பினும் அதனை எடுத்துரைக்காத இதழ் நிலைத்தும் பயனில்லை என்பது மற்றொரு கருத்து. இரண்டும் எளிதில் ஒதுக்கத் தக்கவை அல்ல. அச்சுக்கூடத்துத் தொழிலாளர்க்குத் திங்கள்தோறும் கூலி தரவேண்டிய பொறுப்பு வீரராகவாசாரியாருடையது. தம் மனச்சான்றுக்கு விடை தரவேண்டிய பொறுப்பு சுப்பிரமணிய ஐயருடையது. இருபதாண்டு ஒன்றாக உழைத்த நண்பர்கள் 1898-இல் பிரிந்தனர். ‘இந்து’ வீரராகவாசாரியாரிடமும், ‘சுதேசமித்திரன்’ சுப்பிரமணிய ஐயரிடமும் நின்றன. பின்னர் 1905-இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் ‘இந்து’ இதழை விலைக்கு வாங்கி வளர்த்தார்.

தாம் தோற்றுவித்துப் புகழ்பெறச் செய்த இதழை விட்டு நீங்குதல் எவர்க்கும் எளிதன்று. ஆயின் சுப்பிரமணிய ஐயர் அத்துயரில் ஆழ்ந்துவிடவில்லை. தம் ஆற்றல் அனைத்தையும் தமிழ் இதழின்மீது செலுத்தினார். 1899-இல் ‘சுதேசமித்திரன்’ நாளிதழாயிற்று. உலகச் செய்தியை நாள்தோறும் தமிழில் படிக்கும் வாய்ப்பு அதனால் தமிழர்க்குக் கிட்டியது. திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் பலர் சூழ்ந்திருந்து கேட்பர். ஆதலின் ஒரு படியின் பயன் ஒருவரோடு நின்றுவிடவில்லை. ஐயர் ஊர்தோறும் சென்று பொதுக்கூட்டங்களில் தமிழிலேயே பேசினார். நாட்டின் வறுமைக்குக் காரணம் யாது, வரிப்பணம் எவ்வாறு செலவாகின்றது என்பவற்றைக் கணக்கோடு எடுத்துரைத்தார். பொருளியலில் அவருக்கிருந்த புலமை பெரிது. இந்தியாவின் செலவுகளை ஆராய அமைக்கப்பெற்ற வெல்பி குழுவின் முன் சான்று கூற 1897-இல் அவர் இங்கிலாந்து சென்றிருந்தார். ஆங்கிலேயர் ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றி 1903-இல் ஆங்கில நூல் ஒன்றும் வெளியிட்டார்.

தகுதியுடையாரைத் தேடிக் கண்டு தம் பணியில் சேர்த்துக்கொள்ளும் பண்பும் அவரிடம் இருந்தது. 1904-ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய இளைஞர் ஒருவரின் திறமையை அறிந்து, அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து உதவியாசிரியராக அமர்த்தினார். இருபத்திரண்டு வயதும் நிறையாத அவ்விளைஞரே பின்னாளில் மகாகவி எனப் போற்றப்பெற்ற சுப்பிரமணிய பாரதியார். ஆங்கிலத்தில் வந்த தந்திச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குதல் பாரதியாரின் பணியாயிற்று. அப்பயிற்சி அவருடைய உரைநடைக்கு உரமூட்டியது. ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய ஐயர், இதழ் அலுவலகத்தையும் ஒரு பள்ளியாகவே ஆக்கினார் எனலாம்.

1905-இல் வங்காளம் பிரிக்கப்பெற்றபின் நாட்டில் சுதேசி இயக்கம் தீயெனப் பரவியது. சுதேசமித்திரனின் எழுத்திலும் வெம்மை ஏறிற்று. அரசாங்கம் வாளா இருக்குமோ? 1908-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், உடல்நலம் நாடிக் குற்றாலத்தில் தங்கியிருந்த ஐயரை அரசத் துரோகக் குற்றஞ்சாட்டிச் சிறைப்படுத்தினர். அப்போது அவருக்கு வயது 53. கொடிய தோல்நோய் அவருடைய உடலை அரித்துக்கொண்டிருந்தது. அந்நிலையில் அவர் அரசாங்கத்திற்கு உறுதிமொழி அளித்து விடுதலை பெற்றார். அதன்பின் அவர் எழுத்தில் பழைய வெம்மை இல்லை. இதனை அவர் வாழ்வின் குறையெனக் கருதியோரும் உண்டு. வரலாறு இதனை மறைக்க வேண்டுவதில்லை. முப்பதாண்டுக் காலம் தளராது நின்ற மனிதர், நோயும் சிறையும் ஒருங்கே நெருக்கிய வேளையில் தளர்ந்தார். அத்தளர்ச்சியால் அம்முப்பதாண்டின் பணி பொய்யாகிவிடாது. உண்மை உரைத்தற்கு அந்நாளில் எத்துணை விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையே அது நமக்குக் காட்டுகின்றது.

நோய் முற்றியதால் அவர் 1915-இல் சுதேசமித்திரனை அ. இரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு, 1916 ஏப்பிரல் 18-ஆம் நாள், தம் 61-ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். சுதேசமித்திரன் அவருக்குப் பின்னும் பல்லாண்டு தமிழ் மக்களுக்குத் தொண்டு புரிந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நின்றது. ‘இந்து’ இன்றும் சென்னையிலிருந்து வெளிவருகின்றது. எண்பது படிகளோடு எழுந்த முயற்சி நூறாண்டைக் கடந்து நிற்பது எண்ணி வியத்தற்குரியது.

சுப்பிரமணிய ஐயர் காலத்தில் தந்தி புதுமையாக இருந்தது. பின்னர் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, இன்று கைப்பேசி வழியே உலகச் செய்தி நொடிப்பொழுதில் வந்து சேர்கின்றது. கல்பாக்கத்துக் கரையில் படகைத் தள்ளும் மீனவர், கடலின் நிலையை இன்று கைப்பேசியிலேயே கேட்டறியலாம். முன்பு செய்தி கிட்டாமல் மக்கள் இடருற்றனர். இன்றோ செய்தி பெருகி, மெய் எது, பொய் எது எனத் தெளிய இயலாமல் இடருறுகின்றனர். பொய்ச் செய்தி ஒன்று பரவினால் ஊரே கலங்கிக் கரையைவிட்டு ஓடக்கூடும். அவ்வாறு பன்முறை ஏமாந்தவர், மெய்யான எச்சரிக்கை வரும் நாளில் அதனையும் நம்ப மறுக்கக்கூடும். ஆதலின் செய்தியின் விரைவினும் அதன்மீது மக்கள் வைக்கும் நம்பிக்கையே பெரிது.

அந்நம்பிக்கையை ஐயர் எவ்வாறு பெற்றார்? கணக்கறிந்து எழுதினார்; மக்கள் மொழியில் எழுதினார்; ஆள்வோர்க்கு ஒரு நீதி, தம்மவர்க்கு ஒரு நீதி என்று எழுதாமல் இரு திறத்தார் குற்றத்தையும் எடுத்துக்காட்டினார்; எழுதியதைத் தம் இல்லத்திலேயே செய்து காட்டினார். கருவிகள் காலந்தோறும் மாறும். ஆனால் செய்தியைக் கொண்டுசெல்வோர்க்கு வேண்டிய இப்பண்புகள் என்றும் மாறா. மாணவர்களாகிய நீங்களும் நாள்தோறும் செய்தியைக் கேட்கின்றீர்கள்; பிறர்க்குச் சொல்கின்றீர்கள். ஒரு செய்தியை அடுத்தவர்க்கு அனுப்புமுன் அது மெய்யா என ஒருகணம் எண்ணுவீர்களாயின், திருவையாற்றுப் பெரியாரின் பணியில் நீங்களும் பங்கு கொண்டவராவீர்கள்.